பன்னிக்குத் தமிழ் தெரியாது

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. நாங்கள் சிங்கப்பூரில், செங்காங்கில் இருக்கிறோம். இரண்டு பையன்கள். பெரியவன் தொடக்கநிலை ஒன்று, சின்னவனுக்கு நான்கு வயது. ஜூன் விடுமுறையில் விலங்கியல் தோட்டத்துக்குக் கிளம்பினோம். பீஷானில் ரயில் மாறி, காத்திப்பில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடிப்பதாகத் திட்டம். ரயில் இயோ சூ காங் நிலையத்தைத் தாண்டியதும், சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த மைலோ ஐஸ் பை நழுவி விழுந்து உடைந்துவிட்டது. அடுத்த நிலையம் வர நேரமாகும். மைலோ ஓடி, எதிரே உட்கார்ந்திருந்த சீனத் தாத்தாவின் வெள்ளைக் காலணி வரைக்கும் போய்விட்டது. பெரியவன் சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, "ஃபைவ் ஹண்ட்ரட் டாலர்ஸ்! போலீஸ் வரும்!" என்று அழ ஆரம்பித்தான். சின்னவன் தரையில் படுத்து, ஸ்ட்ராவை வைத்து மைலோவை உறிஞ்சத் தொடங்கிவிட்டான். எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். மானம் போய்விட்டது. காத்திப்பில் இறங்கி, எதிர்த்திசை ரயிலைப் பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டோம்.

சின்னவனுக்கு ஆறு வயது ஆகும்வரை வெளியே எங்கும் போக வேண்டாம், கீழே விளையாட்டு இடம் இருக்கிறது, அது போதும் என்கிறார் என் மனைவி. அவர் சொல்வது சரியா? பையன்களை வளர்ப்பது பெண்பிள்ளைகளை வளர்ப்பதைவிடக் கடினமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். நாங்கள் தமிழில் பேசினாலும் இருவரும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறார்கள். ஏதாவது நல்ல தமிழ்ச் சிறுவர் நூல்கள் சொல்ல முடியுமா? நடந்ததை நீங்களே பார்க்கட்டும் என்று காணொளியையும் இணைத்திருக்கிறேன். குடும்பக் குழுவில் போட்டேன், கோயம்புத்தூரில் எல்லாரும் சிரித்தார்களாம்.

பெயர் வேண்டாம்,
செங்காங்கிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்ததற்கு முந்தின இரவு மெல்பர்னிலிருந்து என் பெரிய மகன் கூப்பிட்டான். வேலை, குளிர், வீட்டு வாடகை எல்லாம் பேசி முடித்து, போனை வைக்கப் போகும்போது, "அம்மா, அந்தப் பையை நான் திறக்கல. மறுபடியும் சொல்றேன், நான் திறக்கல" என்றான். எந்தப் பை என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். அது 2001ஆம் ஆண்டுப் பை. அதனால்தான் உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். மற்றபடி என்னிடமிருந்து பதில் வர எவ்வளவு நாளாகும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

சில்லறை விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். பையன்களா பெண்பிள்ளைகளா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்குப் பெண்பிள்ளை கிடையாது. என் தங்கைக்கு மூன்று பெண்கள். அவள் வீட்டு சோபாவைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். நூல் பட்டியல் நான் தருவதாக இல்லை. உங்கள் ஊர் நூலகம் கடைத்தொகுதிக்குள்ளேயே இருக்கிறது, அதில் தமிழ்ச் சிறுவர் நூல் அடுக்கும் இருக்கிறது. பையன்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் இழுத்துப் போடுவதை எடுத்து வாருங்கள். மைலோ கறை ஒரு பொருட்டே இல்லை. 500 வெள்ளி அபராதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து, அது தனக்குத்தான் என்று புரிந்துகொண்டு அழுத பெரியவனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். அந்த அறிவிப்பில் டுரியான் படத்துக்குக் கீழே மட்டும் தொகை போட்டிருக்காது. அடுத்த முறை அதையும் காட்டுங்கள், சந்தோஷப்படுவான்.

சரி, இப்போது திட்ட வேண்டியதைத் திட்டிவிடுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காணொளியை இரண்டு முறை பார்த்தேன். 42 வினாடி ஓடுகிறது. உங்கள் மனைவி முழங்காலிட்டுத் துடைக்கிறார். முதலில் டிஷ்யூ, பிறகு பெரியவனின் மாற்றுச் சட்டை, அதுவும் நனைந்தபின் தன் துப்பட்டா. ரயில் வேகம் குறையும்போது மைலோ முன்பக்கமாக ஓடுகிறது. அவரும் முழங்காலாலேயே அதன் பின்னால் போகிறார். பெரியவன் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுகிறான். சின்னவன் குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இஞ்சின் பழுதுபார்க்கிறவர் போல மும்முரமாக உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். அந்தத் தாத்தா காலை மேலே தூக்கிக்கொண்டு, பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீட்டுகிறார். தோள் குலுங்குகிறது, சிரிப்பை அடக்குகிறார் மனிதர். எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. கை ஆடவே இல்லை. அந்தக் கை என்ன செய்துகொண்டிருந்தது தம்பி?

எல்லாரும் எங்களையே பார்த்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் உங்களைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் உங்கள் சின்னவனை ரசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே பார்த்துக்கொண்டு மட்டும் நின்ற ஒரே ஆள் நீங்கள்தான். உங்கள் மனைவி வெளியே போக வேண்டாம் என்று சொன்னதற்கு மைலோதான் காரணம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் எல்லாரும் சிரித்தார்களே, அதில் அவருடைய துப்பட்டாவும் இருந்தது. அவரிடம் கேட்டுவிட்டா போட்டீர்கள்?

என் பையின் கதையைச் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

2001ஆம் ஆண்டுக் கடைசியில் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடலோரத்தை மண் கொட்டி மேடாக்கப் போகிறார்கள் என்று பேச்சாக இருந்தது. அதற்குள் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று தீவு முழுக்கக் கூட்டம். பிறகு அந்த டிசம்பரிலேயே திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள், செக் ஜாவா இன்றைக்கும் அப்படியே இருக்கிறது என்பது வேறு. நாங்கள் போனபோது அது தெரியாது. கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துப் போனால் நட்சத்திர மீனைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று என் கணவர் எங்கோ படித்துவிட்டு வந்தார். பெரியவனுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு ஐந்து.

விடிகாலை நாலு மணிக்கு எழுந்து புளிச்சோறு கிளறினேன். முட்டை அவித்தேன். எல்லாவற்றையும் ஊரிலிருந்து வந்த ஒரு மஞ்சப்பைக்குள் வைத்தேன். ஜவுளிக்கடைப் பை, ஒரு பக்கம் கடையின் பெயர், மறுபக்கம் மணமக்களுக்கு வாழ்த்து. வீட்டுச் சாவியையும் அதிலேயே போட்டேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கைப்பை வேறு தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

சாங்கி படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகை எடுப்பார்கள். நாங்கள் நாலு பேர், ஒரு ஜோடி, மீன்பிடிக்க வந்த மூவர். ஒன்பதோடு நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம். அதற்குள் சின்னவன் மூன்று முறை கழிவறைக்குப் போய்விட்டு வந்தான், ஒவ்வொரு முறையும் ஒரு செருப்பைத் தொலைத்துக் கண்டுபிடித்தான். கடைசியில் மூன்று பாட்டிகள் வந்து எங்களைக் கரையேற்றினார்கள்.

தீவில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்தோம். செக் ஜாவாவுக்குப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. டிசம்பர் மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கொட்டகைக்கு அடியில் ஒதுங்கினோம். பையைப் பலகைமேல் வைத்துவிட்டு நானும் அவரும் சைக்கிள்களை இழுத்து ஓரம் கட்டப் போனோம். பையன்கள் பைக்குப் பக்கத்தில் நின்றார்கள். இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை.

திரும்பிப் பார்த்தால் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டுப்பன்றி. எவ்வளவு பெரிசு என்று கேட்காதீர்கள், அதற்கு வருகிறேன். அது அவசரப்படவே இல்லை. மூக்கை நீட்டி, பையின் காதைப் பல்லால் பிடித்து, சந்தைக்குப் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பும் பெண்மணிபோல நடந்து புதருக்குள் போயிற்று. மணமக்கள் வாழ்த்து எங்கள் பக்கம் தெரிந்தது.

எனக்கு முட்டையும் நினைவில் இல்லை, சோறும் நினைவில் இல்லை. சாவி! "டேய்! வச்சிட்டுப் போடா! சொல்றேன்ல, வச்சிட்டுப் போடா!" என்று கத்திக்கொண்டு மழையில் பின்னால் ஓடினேன். பத்தடி ஓடியிருப்பேன். வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தும் அதைத் திட்டிக்கொண்டே இருந்தேன். என் பிள்ளைகளைத் திட்டும் அதே வார்த்தைகள், வரிசைகூட மாறவில்லை. அப்போது பின்னாலிருந்து சின்னவன் குரல் கேட்டது.

"அம்மா, அந்தப் பன்னிக்குத் தமிழ் தெரியாதும்மா."

தம்பி, இவன் உங்கள் பையன்களைப் போலத்தான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். பாலர் பள்ளிக்குப் போன முதல் மாதத்தோடு தமிழைக் காலணியோடு சேர்த்து வாசலில் கழற்றி வைத்துவிட்டான். நான் கெஞ்சியிருக்கிறேன், மிட்டாய் கொடுத்திருக்கிறேன், ஆங்கிலம் காதில் விழாததுபோல நடித்திருக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கு, அம்மா சேற்றில் உட்கார்ந்து ஒரு பன்றியோடு சண்டை போடுவதைப் பார்த்ததும், முழுசாக ஒரு வாக்கியம் வந்துவிட்டது. அந்த 'தெரியாதும்மா'வில் இருந்த பரிவைப் பாருங்கள். பெரிய மனுஷன் ஆறுதல் சொல்கிறான்.

என் கணவர் குடையோடு வந்தார். என்னைத் தூக்கிவிடவில்லை. புதரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "முட்டை எத்தனை இருந்துச்சு?"

பையைப் பிறகு கண்டுபிடித்தோம். கிழிந்து கிடந்தது. சோற்று டப்பாவை மூடியோடு மிதித்து நெளித்திருந்தது. சாவி கிடைக்கவில்லை. நட்சத்திர மீனையும் பார்க்கவில்லை, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் ஏறிவிட்டது. ராத்திரி வீட்டு வாசலில், பூட்டுத் திறக்கிறவர் வரும்வரை நடைபாதையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு மலாய் அக்கா கோழிக்கறியும் சோறும் கொண்டுவந்து கொடுத்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டதும் இரண்டு பையன்களும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தார்கள். அங்கேயே முதல் தகராறும் ஆரம்பித்தது. பெரியவன் முன்கூட்டியே முட்டை தின்னப் பையைத் திறந்தான், அந்த வாசத்துக்குத்தான் பன்றி வந்தது என்றான் சின்னவன். தான் திறக்கவே இல்லை, பை தானாகத் திறந்திருந்தது என்றான் பெரியவன்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வழக்கு எடுக்கப்படுகிறது. இருவரும் வெளியில் என்ன மொழி பேசினாலும் இந்த வழக்கை மட்டும் தமிழில்தான் வாதாடுவார்கள். ஆங்கிலத்தில் ஒரு தடவை முயன்றார்கள், பெரியவனின் மனைவிக்காக. அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். மறுநாளே என்னிடம் வந்து, அந்தப் பன்னி வாக்கியத்தை எப்படிச் சொல்வது என்று எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டாள். அவளுக்குத் தெரிந்த முதல் தமிழ் வாக்கியம் அதுதான். வணக்கம், நன்றி எல்லாம் பிறகுதான் வந்தது.

உங்கள் கேள்வியை விட்டு எங்கோ போய்விட்டேன் என்று தெரிகிறது. அங்கேதான் எனக்கு வேலை இருக்கிறது.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இங்குள்ள இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் சுமார் 28 சதவீதம். பத்தாண்டுகளுக்கு முன்பு ஏறத்தாழ 37. ஆங்கிலம் 59ஐத் தொட்டுவிட்டது. ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா வந்தால் ஒவ்வொரு மேடையிலும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். நானும் விட்டிருக்கிறேன். பிள்ளைகள் குறள் சொல்லிப் பரிசு வாங்கிக்கொண்டு, மேடையைவிட்டு இறங்கும் மூன்று படிக்குள் ஆங்கிலத்துக்கு மாறுவதைப் பார்த்து உச்சுக்கொட்டியிருக்கிறேன். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மேடைத் தமிழில் யாருடைய முட்டையும் காணாமல் போவதில்லை. தகராறு செய்ய அதில் என்ன இருக்கிறது?

பிள்ளைக்கு ஒரு மொழி எதற்குத் தேவைப்படுகிறது? வாதாடத்தான். "நான் இல்ல, அவன்தான்" என்று சொல்லத்தான். நீங்கள் தமிழில் கதை சொன்னால் அவன் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பான். அவன் செய்யாததைச் செய்ததாகத் தமிழில் சொல்லிப் பாருங்கள், பாய்ந்து வந்து திருத்துவான். அவசரத்தில் மொழி மாற்ற நேரமிருக்காது. நீங்கள் எந்த மொழியில் அநியாயம் செய்தீர்களோ அதே மொழியில் நியாயம் கேட்பான். என் வீட்டில் தமிழ் பிழைத்துக் கிடப்பதற்கு நான் எழுதிய எதுவும் காரணமில்லை, அந்தப் பன்றிதான் காரணம்.

பன்றி வருவதற்கு முன்பும் இப்படி நடந்ததுண்டு, நான்தான் கவனிக்கவில்லை. அப்போதெல்லாம் பேருந்தில் 0.9 மீட்டர் உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து வந்த என் மாமனார், பெரியவனை முழங்காலை மடக்கி நிற்கச் சொல்லி ஏற்றிவிட்டார். ஓட்டுநர் தலையாட்டிவிட்டார். நடுப் பேருந்தில், ஊருக்கே கேட்கும்படி, "தாத்தா, இப்ப நிமிரலாமா?" என்றது பிள்ளை. அடுத்த வாரம் ஹாவ் பார் வில்லாவுக்குக் கூட்டிப்போனோம். நரகத்தின் பத்து நீதிமன்றங்களையும் சிலையாக வைத்திருக்கும் இடம். நாக்கைப் பிடுங்கும் காட்சிக்கு முன்னால் நின்று தாத்தாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் கேட்கவில்லை. மாமனார் அன்று மாலை தானாகவே அவனுக்குச் சீட்டு வாங்கினார்.

இதில் எதற்கும் படம் கிடையாது. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பையைத் திறந்தது யார் என்பது முதல் வினாடியிலேயே தெரிந்துபோயிருக்கும். வழக்கு தள்ளுபடி. இருபத்துச் சொச்சம் ஆண்டு தீபாவளிப் பேச்சு போயிருக்கும். படத்தில் பன்றி பன்றி அளவுதான் இருக்கும். எங்கள் வீட்டுப் பன்றி வருஷா வருஷம் வளர்ந்து இப்போது கன்றுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டது. அதற்குக் கொம்பு முளைப்பதற்குள் நான் போய்விடுவேன் என்று நினைக்கிறேன். உங்கள் மைலோ 42 வினாடியோடு நின்றுவிட்டது. அது காத்திப் வரைக்கும் ஓடியிருக்கலாம், கதவு திறந்ததும் நடைமேடையில் இறங்கியிருக்கலாம், தாத்தா காலணியைக் கழற்றிப் பிழிந்திருக்கலாம். நீங்கள் விடவில்லை. உங்கள் பையன்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சிரிப்பார்கள், சரி. பார்ப்பதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லையே. வாயே திறக்காத பிள்ளையிடம் தமிழ் வரவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

என் கணவர் போய் ஆறு ஆண்டாகிறது. புகைப்படங்கள் இருக்கின்றன. குரல் எங்களிடம் இல்லை, அந்தக் காலத்தில் யாரும் பதிவு செய்யவில்லை, பிறகு தோன்றவில்லை. இதை எழுதும்போது, நான் காணொளியைப் பற்றிச் சொன்னதற்கு எதிராகவே இது போகிறது என்று தெரிகிறது. நீங்கள் எழுதிக் கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொள்கிறேன்: ஒரு நிமிடக் குரலுக்கு நான் எதையும் கொடுப்பேன். ஆனால் சின்னவன் இந்தக் கதையைச் சொல்லி வரும்போது, "முட்டை எத்தனை இருந்துச்சு?" என்ற இடத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்து, குரலை இறக்குவான். அவனுக்குத் தெரியாமலே செய்கிறான். அந்த ஒரு வரிக்கு அவர் வந்துவிட்டுப் போகிறார். அடுத்த வரியிலேயே இரண்டு தடியன்களும் முட்டைக்காகக் கத்த ஆரம்பித்துவிடுவதால் எனக்கு அழ நேரம் கிடைப்பதில்லை.

போகட்டும். ஆறு வயது வரைக்கும் வெளியே போகக் கூடாதா என்று கேட்டீர்கள். ஆறு வயதில் என்ன மந்திரம் நடக்கப் போகிறது? என் பெரியவனுக்கு எட்டு வயதில்தான் பன்றி வந்தது. பிள்ளைகளோடு போக வேண்டிய இடங்களுக்கு ஒரு காலக்கெடு இருக்கிறது, அது நமக்குத் தெரியாமலே முடிந்துபோகும். போன மாதம் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, தனியாக நடக்கப் போயிருந்தேன். அங்கே ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டு திறந்தார்கள். அப்போது என் பையன்களுக்குப் பதினாலும் பதினொன்றும், அம்மாவோடு எங்கும் வர மாட்டார்கள். அதனால் உள்ளே போனதே இல்லை. தண்ணீர் விளையாட்டுச் சத்தம் வாசல்வரை கேட்டது, எட்டிப் பார்க்கலாம் என்று போனேன். வாசலில் இருந்த பெண் என் பின்னால் பார்த்தாள், பக்கத்தில் பார்த்தாள். "ஆன்ட்டி, பிள்ளை எங்கே?" என்று கேட்டாள். கூடப் பிள்ளை இல்லாத பெரியவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. நல்ல விதிதான். நான் குறை சொல்ல மாட்டேன். "ஒருத்தன் மெல்பர்னில் இருக்கான், இன்னொருத்தன் தெம்பனிஸ்ல" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் விடவில்லை.

ஆகவே அடுத்த சனிக்கிழமை கிளம்புங்கள். விலங்கியல் தோட்டமோ, உபினோ, எங்கேயோ. போனை மனைவியின் கைப்பையில் போட்டுவிடுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள், நான்கு வயதுப் பையன் இருக்கிறானே, நடக்கும். நடக்கும்போது டிஷ்யூ உங்கள் கையில் இருக்கட்டும். ஜேக்கப் பாலஸ் தோட்டத்துக்குப் போவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், வாசலில் வந்து நிற்கிறேன். உங்கள் சின்னவனை ஐந்து நிமிடம் கடன் கொடுத்தால் போதும், உள்ளே போனதும் திருப்பித் தந்துவிடுவேன்.

மனைவியிடம் என் அன்பைச் சொல்லுங்கள். துப்பட்டாவை வெந்நீரில் போட வேண்டாம், பச்சைத் தண்ணீர் போதும்.

முடிப்பதற்கு முன் ஒன்று. உங்கள் கடிதத்தை இப்போது மறுபடி படித்தேன். "சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்த மைலோ ஐஸ் பை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய சட்டைக்குள்? காணொளி தொடங்கும்போதே பை தரையில் கிடக்கிறது, அதனால் அதைப் பார்த்தும் பயனில்லை. நான்கு வயதுக் குழந்தை அவ்வளவு குளிர்ந்த பையை வயிற்றில் வைத்துக்கொண்டு பீஷானில் ரயில் மாறியிருக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம். பெரியவன் போலீஸ் என்றதும் அப்படி அழுதானே, அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்று ராத்திரி சாப்பிடும்போது, சின்னவன்தான் வைத்திருந்தான் என்று தமிழில் ஆரம்பியுங்கள். இருவரும் என்ன சொன்னார்கள் என்று அப்படியே எழுதி அனுப்புங்கள்.